சுவர் விழுந்தால் சிரிக்க வேண்டும்

எங்கள் ஊர்க் கடல்சுவர் மூன்று முறை விழுந்தது. மூன்று முறையும் ஒரே வரைபடம். அதை வரைந்தவர் மலைமேல் இருக்கிற கொரோவத்து ஊர்க்காரரான டாக்டர் நேத்தானி. இதைக் கேட்டதும் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கவா என்கிற வேர்ச்சாற்றுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் தொடையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

காரணம், எங்கள் வைசெலேயும் கொரோவத்தும் ஒன்றுக்கொன்று தௌவூ. இரண்டு ஊரின் ஆதி தெய்வங்களும் ஒருவருக்கொருவர் மைத்துனர்கள் என்பது கதை. மாமன் மச்சான் கேலியை ஊர் முழுக்கப் பரப்பி, இதற்கு யாரும் கோபப்படவே கூடாது என்று ஒரு சட்டமும் போட்டால் எப்படி இருக்கும், அதுதான் தௌவூ. கொரோவத்துக்காரன் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பில் கொதிக்கிற மீனைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம். நான் அவன் போட்டிருக்கிற சட்டையைக் கேட்டால் அவன் கழற்றித் தர வேண்டும். தரமாட்டேன் என்ற பேச்சே கிடையாது. முகம் சுளித்தால் அசிங்கம் சுளித்தவனுக்குத்தான்.

ஆகையால் சுவர் முதல் முறை விழுந்தபோது எங்கள் ஊரில் யாரும் புகார் எழுதவில்லை. ஒரு கல்யாணத்தில் வைத்து, "மலைக்காரன் போட்ட சுவர் பாவம், கடலையே பாத்ததில்ல. பாத்ததும் ஓடிப்போய் விழுந்துடுச்சு" என்றார்கள். இரண்டாவது முறை விழுந்தபோது அந்தக் கேலி பாட்டாகிவிட்டது. மூன்றாவது முறை விழுந்தது எங்கள் அடுப்படியோடு. அம்மா ஒரு கையில் மண்ணெண்ணெய் அடுப்பும் இன்னொரு கையில் பூனையுமாக வெளியே வந்தாள். அன்றைக்கும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அடுத்த பெரிய ஓதம் வந்தால் போவது அவள் படுக்கிற அறை.

எனக்கு அந்தப் பாட்டில்தான் சந்தேகம் வந்தது. கடலைப் பார்த்து ஓடிப்போய் விழுந்தது. ஆமாம், மூன்று முறையும் சுவர் கடல் பக்கமாகத்தான் குப்புற விழுந்தது. அலை அடித்து விழுகிற சுவர் ஊர்ப் பக்கமாக அல்லவா மல்லாந்திருக்க வேண்டும்? இதை நான் கட்டுமானப் பொறியியல் மூன்றாம் வருடத்தில் யோசித்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அதனால் யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல் பட்டம் வாங்கி முடித்தேன்.

முதுநிலைப் படிப்புக்கு இரண்டு வழி இருந்தது. சுவா நகரத்தில் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஷைலேஷ்னி அக்கா எனக்கு அதை விளக்கினாள்.

"இங்க பாரு உலா. பாடவழின்னா உன் இடம் தயார். உதவித்தொகையும் தயார். எட்டுப் பாடம், கடைசில ஒரு சின்ன ப்ராஜெக்ட், கழுத்துல மாலை, ஒரு போட்டோ. இன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. ஆய்வுவழின்னா ஒரே ஒரு ஆராய்ச்சி. ஆனா கைடு ஒருத்தர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். கடல் சம்பந்தமா இங்க கைடுன்னா நேத்தானி சார் ஒருத்தர்தான்."

"அவர்கிட்டயே போறேன்."

"நீ எந்த ஊரு?"

"வைசெலே."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "போச்சு. ஊர்ப் பேரை மட்டும் சொல்லிடாத."

"ஆராய்ச்சித் தலைப்பே அதுதான் அக்கா."

"அப்ப பேசாம பாடவழி எடுத்துக்கோ. உங்க ஊர்க்காரங்க சண்டையெல்லாம் எங்களுக்குப் புரியாது. சிரிச்சுக்கிட்டே இருப்பீங்க, நடுவுல பாத்தா என் ஸ்டேப்ளரைக் காணோம்."

பாடவழியில் எனக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். எட்டில் ஒரு பாடம் 'கடலோரக் கட்டுமானம்'. நடத்துகிறவர் டாக்டர் நேத்தானி. பாடக்குறிப்பில் மாதிரி வரைபடம் ஒன்று உண்டு. எது என்று சொல்ல வேண்டியதில்லை. அதைப் பார்த்து வரைந்தால் பாதி மார்க். அளவும் குறித்தால் முழு மார்க். எங்கள் அடுப்படியைக் கடலில் தள்ளியது எதுவோ அதை ஸ்கேல் பிசகாமல் வரையக் கற்றுக்கொண்டு, அதற்கு ஒரு பட்டமும் வாங்கிக்கொண்டு நான் ஊருக்குப் போக வேண்டும்.

சில நாட்களுக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் நேத்தானியின் அறைக்கு நல்ல சட்டையும் இடுப்பில் சுற்றுகிற முழு சுலுவும் உடுத்திக்கொண்டு போனேன். உயரமான மனிதர், கண்ணாடி, மேசையில் சோற்று டப்பா. நான் எழுதியதை வாங்கினார். தலைப்பைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ வைசெலேயா?"

"ஆமாம் சார்."

"என்னது, சாரா?" என்று சொல்லி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். "மீன்தலை தின்னுற வைசெலே எனக்கு சார் போடுது. ஏய், யாராவது வாங்க, இதைக் கேளுங்க."

பக்கத்து அறையிலிருந்து இரண்டு விரிவுரையாளர்கள் வந்து நின்றார்கள். நான் விடாமல், "சார், சுவர் மூணு தடவையும் கடல் பக்கமா விழுந்திருக்கு. பின்னாடி தேங்குற தண்ணியா, அடியில அரிக்குற மணலா, ரெண்டுமான்னு நான் ஆராயணும். நீங்க கைடா இருக்கணும்" என்றேன்.

"சுவரைக் கெடுத்ததே நீங்கதானே. ராத்திரில அதைத் தள்ளி வெச்சுட்டு எங்களைச் சொல்றீங்க."

"சார், எங்கம்மாவோட அடுப்படி போயிடுச்சு."

அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பில். "அடுப்படியா. என்ன ஒரு முகம் பாருங்க. இவ்வளவு நல்லா மூஞ்சிய வெச்சுக்கிட்டு எந்த வைசெலேயும் எங்கிட்ட விளையாடினதில்ல. பிரமாதம்."

பிறகு என் தோளில் இருந்த பையைத் தௌவூ உரிமையில் எடுத்து மாட்டிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். என் பஸ் அட்டை அதில்தான் இருந்தது. நான் சுவாவில் தங்கியிருந்த அறைக்கு நடந்தே போனேன்.

அந்த வாரக் கடைசியில் ஊரில் கூட்டம் போட்டார்கள். ஊர்ப் பெண் ஒருத்தி மேல்படிப்புக்குப் போகிறாள் என்றால் எதைப் படிப்பது என்று ஊர் பேச வேண்டும். ஊர்த்தலைவர் நடுவில், கவாச் சட்டி அவருக்கு முன்னால், ஆண்கள் சுற்றி, பெண்கள் வாசல் பக்கம். நான் இரண்டு வழியையும் சொன்னேன்.

ஒருவர் யோசித்துவிட்டுக் கேட்டார். "பாடம்னா பதில் தெரிஞ்ச கேள்வி. ஆராய்ச்சின்னா பதில் தெரியாத கேள்வி. சரிதானே?"

"சரிதான்."

"பதில் தெரியாதவளுக்கு எதுக்குப் பட்டம் குடுக்குறாங்க?"

"பதிலைக் கண்டுபிடிக்கணும் பெரியப்பா. அதுக்குத்தான்."

"கண்டுபிடிச்சா?"

"சுவர் நிக்கும்."

கித்தியோனே சித்தப்பா அப்போதுதான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்பாவின் தம்பி. இந்த வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சாவுக்கும் கொரோவத்துக்காரர்களை வம்பிழுக்க அவரைத்தான் முன்னால் அனுப்புவார்கள். "நின்னுட்டா?" என்று கேட்டார். "அப்புறம் அவங்கள எதை வெச்சுக் கேலி பண்றது?"

கூடத்தில் அப்படி ஒரு அமைதி. சுவர் விழுந்த அன்றைக்குக்கூட அவ்வளவு அமைதி இல்லை.

"அவங்க நம்மளச் சொல்ல நூறு விஷயம் வெச்சிருக்காங்க" என்றார் சித்தப்பா. "மீன்தலை, நம்ம தாத்தா கிணத்துல விழுந்த கதை, பாதிரியார் படகு கவுந்தது. நம்மகிட்ட இருக்குறது இந்தச் சுவர் ஒண்ணுதான். அதையும் எடுத்து நிமித்தி வெச்சுட்டா நம்ம வாய மூடிக்கிட்டு உக்காரணும்."

நியாயம்தான் என்று பலர் தலையாட்டினார்கள். நான் என் காதால் கேட்டதைத்தான் எழுதுகிறேன். படித்தவர்கள் நாலு பேர் இருந்தால் இப்படி ஆகாது என்று நினைக்காதீர்கள். தலையாட்டியவர்களில் எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரும் ஒருவர்.

வாசல் பக்கத்திலிருந்து அம்மா சொன்னாள். "என் அடுப்படி கடலுக்குள்ள கிடக்கு. படுக்கையும் போகட்டும். நீங்க சிரிச்சுக்கிட்டே இருங்க, நான் மிதந்துக்கிட்டே கேக்குறேன்."

அதற்கும் சிரித்தார்கள். ஊர் ஒரு மனதாகப் பாடவழிக்குச் சம்மதம் சொல்லிக் கைதட்டியது.

நான் அடுத்த திங்கட்கிழமை ஊர் முடிவை மதிக்காமல் சந்தைக்குப் போனேன். நல்ல கவா வேராகப் பார்த்து ஒரு கட்டு வாங்கினேன். பெரிய மனிதரிடம் முறையாக ஒன்றைக் கேட்க வேண்டுமானால் வேரை முன்னால் வைத்து, தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, சொல்ல வேண்டிய சொற்களைச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த முறையில் கேட்டால் அரசனால்கூடச் சிரிக்க முடியாது. நான் டாக்டர் நேத்தானியின் அறையில் பாயில்லாத சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவருடைய குலத்தின் பெயரை, அவருடைய ஊர்க் கோயில் மேட்டின் பெயரை எல்லாம் வரிசையாகச் சொல்லி, வேரை நகர்த்தி வைத்தேன்.

சிரிப்புச் சத்தம் வரவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்குக் கோபத்தில் கண்ணில் பொறி பறந்தது. எழுந்தேன். நீங்க, சார் எல்லாவற்றையும் விட்டேன்.

"யோவ், உனக்கு வெக்கமா இல்ல? ஒரு சுவரு வரையத் தெரியல, டாக்டராம். மூணு தடவை விழுந்துச்சு, ஒரு தடவையாவது வந்து பாத்தியா? எங்கம்மா வீட்ட விட்டு அடுப்பத் தூக்கிக்கிட்டு ஓடினா. உனக்கு அது விளையாட்டா?"

நான் கத்தக் கத்த வாசலில் கூட்டம் சேர்ந்தது. நான் நிறுத்தியதும் கைதட்டினார்கள். டாக்டர் நேத்தானி எழுந்து நின்று கைதட்டினார். துறைத்தலைவர் வந்து, வருகிற ஆண்டுவிழாவில் ஐந்து நிமிடம் இதே மாதிரி பேச முடியுமா என்று கேட்டார். கோபப்படுவதற்குக்கூட எனக்கு உரிமை கிடையாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. என் கோபமெல்லாம் அவர்களுக்கு நடிப்பு. நன்றாகக் கோபப்பட்டால் நல்ல நடிப்பு.

வெளியே வரும்போது ஷைலேஷ்னி அக்கா என் கையில் ஒரு கப் தேநீரைக் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள பாடவழிக்குக் கையெழுத்துப் போடலன்னா அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. ஆய்வுவழிக்கு அடுத்த வாரம் வரைக்கும் டைம் இருக்கு. ஆனா ரெண்டும் போயிடாம பாத்துக்கோ" என்றாள். "நீ அவரோட சட்டையக் கேட்டா குடுக்கணும்னு சட்டம். கையெழுத்தக் கேட்டா குடுக்க மாட்டாரா?"

"கேக்குறதையே ஜோக்குன்னு நெனைக்குறார். குடுத்தாலும் மிக்கி மவுஸ்னு கையெழுத்துப் போடுவார்."

"அப்ப கேக்காத. எடு."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். நான் எடுத்தேன். ஆய்வுக்கூடத்தில் அலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. நீளமான கண்ணாடித் தொட்டி. ஒரு முனையில் பலகை ஆடி அலை கிளப்பும், மறுமுனையில் நாம் கட்டி வைத்ததை அந்த அலை அடிக்கும். அதன் சாவி டாக்டர் நேத்தானியின் கழுத்துப் பட்டையில் தொங்கும். மறுநாள் காலை அவர் வராந்தாவில் வரும்போது எதிரே போய்க் கழுத்திலிருந்து உருவிக்கொண்டேன். "வைசெலே எடுத்துக்கிச்சு" என்றேன். அவர் மகிழ்ச்சியில் சத்தமாகச் சிரித்தார். சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது.

காவலாளியிடம் இருந்த எந்தப் பட்டியலிலும் என் பெயர் இல்லை. "யாரு அனுமதி குடுத்தா?" என்று கேட்டார்.

"நேத்தானி எனக்குத் தௌவூ."

"ஓ" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். எங்கள் நாட்டில் சேர்க்கைக் கடிதத்தைவிட அது செல்லும்.

அந்த வாரம் முழுக்க நான் எந்த மாணவியாகவும் இல்லாமல் அந்தத் தொட்டியில் வேலை பார்த்தேன். ஊரிலிருந்து இரண்டு சாக்கு மணல் கொண்டுவந்தேன். வரைபடத்தைச் சுருக்கி முதல் சுவரை வார்த்தேன். அலை மேலே ஏறி வழிந்தது. வழிந்த தண்ணீர் சுவருக்குப் பின்னால் நின்றது. சுவர் கொஞ்ச நேரம் நின்று, பிறகு கடல் பக்கம் குனிந்து, குப்புற விழுந்தது. இரண்டாவது சுவரில் தண்ணீர் வெளியேறச் சின்ன ஓட்டைகள் வைத்தேன். ஓட்டையை மணல் அடைத்தது, விழுந்தது. மூன்றாவதில் பெரிய ஓட்டை. தண்ணீரோடு பின்மண்ணும் ஓட்டை வழியே போனது, சுவருக்குப் பின்னால் குழி விழுந்தது, அதுவும் விழுந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த நேரத்தில் விழவில்லை, வேறொரு நேரத்தில், வேறொரு இடத்தில் பிளந்து விழுந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதது எது என்று எனக்கு முதன்முதலாகத் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை வந்ததே தெரியவில்லை. பாடவழி இடம் போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால் டாக்டர் நேத்தானி தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை. தொட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆய்வுக்கூடக் கதவைச் சாத்தினார்.

"உட்காரும்மா உலமிலா" என்றார்.

தௌவூக்காரர் ஒருவர் 'அம்மா' போட்டு முழுப் பெயர் சொன்னால் யாரோ செத்திருக்க வேண்டும்.

"நான் இப்ப விளையாடல. நல்லதுக்குச் சொல்றேன்" என்றார். "நீங்க நல்லா வேலை பாத்திருக்கீங்க. ஆனா ஆராய்ச்சிங்கறது உங்களுக்குச் சரிப்படாது. அதுக்கு வீட்டுல பின்பலம் வேணும். படிச்ச அப்பா, படிச்ச அண்ணன், எழுதுனதைத் திருத்திக் குடுக்க ஆள். உங்க வீட்டுல யாரும் இல்ல. நடுவுல விட்டுட்டுப் போயிடுவீங்க, நான் பாத்திருக்கேன். பாடவழில ஓர் இடம் நான் சொல்லி வாங்கித் தர்றேன். பொண்ணு, கல்யாணம் காட்சின்னு இருக்கு. வேலையும் கிடைக்கும்."

"சுவரு?"

"இந்த வரைபடம் உங்க ஊருக்கு மட்டும் போகல. நெறைய ஊருல நிக்குது. அதை இப்பக் கிளற வேண்டாம்."

இவ்வளவுதான். இரண்டு வாரமாக நான் கெஞ்சிக் கேட்டது இந்த மரியாதையைத்தான். ஒரு தடவை சிரிக்காமல் பேசுங்கள் என்று கேட்டேன், பேசினார். சிரிக்காத டாக்டர் நேத்தானி இந்த ஊரில் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் கிடைக்கிற அதே பெரிய மனிதர்தான். சிரித்தபோது என் பையை எடுத்துக்கொண்டார், அவ்வளவே. சிரிக்காதபோது என் வீட்டையே எண்ணிப் பார்த்து உனக்கு ஆள் இல்லை என்று சொல்கிறார். மீன்தலை என்று அவர் சொன்னது எனக்கு வலிக்கவே இல்லை. 'நீங்க' வலித்தது.

"யோசிச்சு சொல்றேன் சார்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து தகவல் வந்தது. டாக்டர் நேத்தானியின் பெரியப்பா, கொரோவத்தின் பழைய ஊர்த்தலைவர், இறந்துவிட்டார். புதன்கிழமை அடக்கம். கொரோவத்தில் சாவு என்றால் வைசெலே போயே ஆக வேண்டும். அழுவதற்கு மற்ற உறவுகள் இருக்கிறார்கள். கூத்தடிப்பதற்கு நாங்கள். சவப்பெட்டியை வழிமறிக்க வேண்டும், புதைகுழியில் படுத்துக்கொள்ள வேண்டும், கேட்டதைக் கொடுத்தால்தான் அடக்கம் செய்ய விடுவோம் என்று அடம்பிடிக்க வேண்டும். செய்யாவிட்டால் இறந்தவருக்கு அவமரியாதை.

கையெழுத்துப் படிவத்துக்குக் கடைசி நாளும் புதன்கிழமைதான். மாலை அலுவலகம் மூடும்வரை என்றாள் ஷைலேஷ்னி அக்கா. "நீ வர்ற வரைக்கும் கதவைப் பூட்ட மாட்டேன், போ" என்றாள்.

லாரியில் இரண்டு மணி நேரம் மலை ஏறினோம். பாய்கள், கவா வேர், சேப்பங்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் எங்கள் ஊர்க்காரர்கள் முங்குநீச்சல் கண்ணாடியும் குழாயும், காலில் ரப்பர்த் துடுப்பும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கித்தியோனே சித்தப்பா ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை போட்டிருந்தார். ஊர்த்தலைவர் ஒரு படகுத் துடுப்பைச் செங்கோல் மாதிரி பிடித்திருந்தார். கடலிலிருந்து அவ்வளவு உயரத்தில், மேகத்துக்குப் பக்கத்தில், எங்களில் பாதிப் பேர் அந்த நீச்சல் குழாய் வழியே மூச்சுவிட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

"சித்தப்பா, இன்னைக்கு என்ன கேக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"எப்பவும் கேக்குறதுதான். பன்னி ஒண்ணு, பெரிய பாய் ஒண்ணு."

"எனக்கு ஒண்ணு கேக்கணும்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். "சுவரா?"

"கையெழுத்து."

"ஊருதான் வேணாம்னு சொல்லிடுச்சே."

"பாடவழி இடம் போயிடுச்சு சித்தப்பா. இது இல்லன்னா எதுவுமே இல்ல. நான் திரும்பி வந்து அம்மாவோட மிதக்க வேண்டியதுதான்."

அவர் கொஞ்ச தூரம் துடுப்புக் காலோடு தப்தப்பென்று நடந்தார். "சுவரு நின்னுட்டா நமக்கு அவங்கள ஏச ஒண்ணும் இருக்காது" என்றார் திரும்பவும். பிறகு, "சாவு வீட்டுல பட்டம் கேட்டான் வைசெலேன்னு அவங்கதான் நம்மள ஏசுவாங்க. அது வேற கேவலம்" என்றார். கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கிக்கொண்டார்.

மேட்டில் மழை பெய்து மண் குழைந்திருந்தது. சவப்பெட்டியைப் பாய்களில் சுற்றி ஆறு பேர் தூக்கி வந்தார்கள். முன்னால் இடது தோளில் டாக்டர் நேத்தானி, கறுப்பு சுலு, கண்கள் சிவந்திருந்தன. அந்தக் கண்களைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிடம் கேட்க மனம் வரவில்லை. அதற்குள் கித்தியோனே சித்தப்பா ஓடிப்போய்க் குழிக்குள் குதித்து மல்லாந்து படுத்துவிட்டார்.

"இடம் இல்ல" என்று உள்ளேயிருந்து கத்தினார். "நான் மொதல்ல வந்தேன். பெரியவரு வேற எடம் பாத்துக்கட்டும்."

கொரோவத்துப் பெண்கள் அழுகையினூடே சிரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்கள் துடுப்பை ஆட்டிக்கொண்டு பெட்டிக்குக் குறுக்கே நின்றார்கள். வேறு ஊரிலிருந்து வந்திருந்த போதகர் மட்டும் வேதப் புத்தகத்தை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன வேணும் வைசெலேக்கு?" என்று கொரோவத்து ஊர்த்தலைவர் முறைப்படி கேட்டார். "பன்னி கட்டி வெச்சிருக்கோம், பாய் வெச்சிருக்கோம். எங்க அண்ணனை விடுங்க."

குழிக்குள்ளிருந்து பதில் வர வேண்டும். வந்தது. "பன்னி வேணாம். எங்க பொண்ணு கேக்குறதக் குடுங்க."

இரண்டு ஊரும் என் பக்கம் திரும்பியது. நான் அட்டையில் செருகிய படிவத்தோடு போய் டாக்டர் நேத்தானியின் முன்னால் நின்றேன். பெட்டியின் கனத்தில் அவர் தோள் சாய்ந்திருந்தது.

"வைசெலே உன் கையெழுத்த எடுத்துக்குது" என்றேன். "உன் சொந்தப் பேரு. இன்னைக்குத் தேதி. மிக்கி மவுஸ் கூடாது."

"என்னடி கையெழுத்து?" என்று ஒரு கொரோவத்து அத்தை கேட்டாள்.

"உங்க பிள்ள வரைஞ்ச சுவரு ஏன் எங்க பக்கம் நிக்கவே மாட்டேங்குதுன்னு படிக்கப் போறேன் அத்தை. அதுக்கு அவருதான் வாத்தியாரு."

கூட்டம் வெடித்தது. பெட்டி தூக்கியவர்களில் ஒருவன் சிரித்த சிரிப்பில் பெட்டி சரிந்து, எல்லோரும் ஓடிப் பிடித்தார்கள். "போட்டுக் குடுடா" என்று அந்த அத்தை டாக்டர் நேத்தானியின் முதுகில் அடித்தாள். "டாக்டருக்குப் படிச்சு என்னத்தக் கிழிச்ச? பெரியப்பா வெயிட்டு பண்றாரு, போடு."

அவர் என்னைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் கதவைச் சாத்திய அந்த முகம் ஒரு கணம் வந்தது. "இது வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேனே" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அன்னைக்கு நீங்க நேத்தானி சார். இன்னைக்கு நீ கொரோவத்து."

முகம் சுளிக்க வேண்டும் என்றால் இரண்டு ஊருக்கு முன்னால், சொந்தப் பெரியப்பாவின் பெட்டிக்கு அடியில் நின்று சுளிக்க வேண்டும். தோளை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுத்தார். போதகரின் பேனாவை வாங்கினார். வைக்க இடமில்லாமல், எங்கள் ஊர்த்தலைவர் குனிந்து முதுகைக் காட்ட, அதன்மேல் அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயர், பட்டம், தேதி. ஒரு எழுத்துக்கூட விளையாட்டு இல்லை.

"வரைஞ்சவன் பேரையும் எழுதுவியா?" என்று கேட்டார், பேனாவை மூடிக்கொண்டே.

"எழுதுவேன்."

"மத்த ஊருக்கெல்லாம் போய்ப் பாப்பியா?"

"பாப்பேன்."

"எனக்கு நெஜமாவே தெரியல உலா, அது ஏன் விழுதுன்னு" என்றார். அது விளையாட்டா இல்லையா என்று நான் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் திரும்பிப் போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுத்துவிட்டார். எனக்கும் நிற்க நேரமில்லை. சுவா போகிற வண்டி ஒன்று கீழே கிளம்பிக்கொண்டிருந்தது. படிவத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினேன்.

பின்னால் குழிக்குள்ளிருந்து குரல் கேட்டது. "வாங்கிட்டாளா? வாங்கிட்டாள்னா யாராவது கை குடுங்கப்பா. அடியில தண்ணி ஊறுது, எனக்கு நீச்சல் தெரியாது."